ஆளில்லாத கடைக்கு ஒரு நம்பர்

போன கிருத்திகை அன்று காலை, சென்னிமலை படி ஏறலாமா வேண்டாமா என்று முழங்காலிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வீதியில் தறி ஓட்டும் தம்பி ஒருவர் கையில் காகிதத்தோடு வந்தார்.

"ஏனுங்ண்ணா, நீங்க வரி ஆபீஸ்ல இருந்தவருதானுங்? இதென்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்."

அவர் பெயரில் பழைய இரும்பு வியாபாரமாம். கோடிக்கணக்கில் விற்பனையாம். வரி கட்டச் சொல்லி ஜிஎஸ்டி நோட்டீஸ். விலாசம், அவருடைய தறிக்கூடம்! மனுஷன் போர்வை நெய்து கூலி வாங்குகிறவர்.

விசாரித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் லோன் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் ஆதார், பான் நகல், கரண்ட் பில் எல்லாம் கொடுத்திருக்கிறார். போனுக்கு வந்த ஓடிபியையும் சொல்லியிருக்கிறார். லோன் வரவில்லை, இது வந்திருக்கிறது.

இப்படி வாங்கும் நம்பரை வைத்து, சரக்கே இல்லாமல் பில் மட்டும் போடுவார்கள். அதை வாங்குகிறவர், கட்டாத வரியைக் கட்டியதாகக் காட்டிக் கழித்துக்கொள்வார். நஷ்டம் அரசாங்கத்துக்கு, நோட்டீஸ் நெசவாளிக்கு.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017-ன் 29-வது பிரிவு, மோசடியாக வாங்கிய பதிவை வாங்கிய நாளிலிருந்தே ரத்து செய்ய இடம் தருகிறது. 132-வது பிரிவில், சரக்கில்லாத பில்லுக்கு வரித்தொகை 5 கோடியைத் தாண்டினால் 5 வருஷம் வரை ஜெயில். ஆனால் இதெல்லாம் திருடு போன பிறகு. வாசலில் என்ன நடந்தது? ஆதார் ஓடிபி சரியாக இருந்து, அதிகாரி 7 வேலை நாளுக்குள் ஒன்றும் கேட்காவிட்டால், பதிவு கொடுத்ததாகவே கணக்கு. 2023-லும் 2024-லும் நாடு முழுக்க இரண்டு இரண்டு மாதம் போலிப் பதிவுகளைத் தேடினார்கள். சந்தேகமான விண்ணப்பதாரர் நேரில் வந்து கைரேகை வைக்கும் முறையும் வந்துவிட்டது. நல்லதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது 1959-ம் வருஷத்து விற்பனை வரிச் சட்டம். நம்பர் கொடுக்குமுன் நாங்கள் நேரில் போய், கடை இருக்கிறதா, சரக்கு இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று இங்கே முடித்துவிடலாம். மனசு விடவில்லை.

ஒரு மழை நாளில், பக்கத்து டீக்கடையில் விசாரித்துவிட்டு, 'இடம் பார்வையிடப்பட்டது' என்று எழுதினேன். ஆறு மாதம் கழித்துப் போனால், அங்கே பூட்டிய மாட்டுக்கொட்டகை. அந்தப் பெயரில் பில் புத்தகம் மட்டும் ஊர் சுற்றியிருந்தது. 'பில் டிரேடர்' என்போம் அவர்களை. எனக்கு ஒரு மெமோவோடு போயிற்று. அந்தப் பில்லை நம்பிச் சரக்கு வாங்கிய சின்னக் கடைக்காரர்தான் வரியைக் கட்டினார். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

தம்பிக்குப் பதில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். போலீஸில் புகார், பதிவை ரத்து செய்ய மனு, எல்லாம் போட்டாயிற்று. இன்னும் முடியவில்லை.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் உங்கள் பான் நம்பரைப் போட்டுத் தேடினால், உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று தெரியும். லாகின் வேண்டாம், காசும் வேண்டாம். நகல் கொடுக்கும்போது எதற்காக என்று அதன் மேலேயே எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். ஓடிபியை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

அந்தத் தறிக்கூடத்துக்கு ஒருவர் ஒரே ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். இதைச் சொல்ல எனக்கு அருகதை குறைவுதான். அதனால்தான் சொல்கிறேன்.