பழைய காருக்கு சென்ட்ரல் லாக்

மாருதி 800-இன் சாதாரண மாடல்களில் சென்ட்ரல் லாக் கிடையாது. நான்கு கதவையும் தனித்தனியாகத்தான் பூட்ட வேண்டும். அதைப் பிற்பாடு பொருத்தித் தருபவர்கள் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள். கோலார் தங்கவயலிலும் இந்த வேலை நடக்கிறது; அந்த ஊருக்கு மின்கம்பி வேலை புதிதல்ல. சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே அங்குள்ள தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய பிறகு ஊரில் பலர் வேலைக்காக பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். உள்ளூரிலேயே செய்யக்கூடிய கைத்தொழில்களில் கார் வயரிங்கும் ஒன்று.

சென்ட்ரல் லாக் செட்டில் நான்கு சிறு மோட்டார்கள், ஒரு கன்ட்ரோல் பெட்டி, வயர், இரும்புக் கம்பிகள், கிளாம்புகள் இருக்கும். டிரைவர் கதவு மோட்டாருக்கு ஐந்து வயர், மற்றவற்றுக்கு இரண்டு. கூடுதல் மூன்றும் உள்ளிருக்கும் சுவிட்சுக்கானவை: டிரைவர் கதவில் சாவியைத் திருப்பினால் பெட்டிக்குத் தகவல் போகும். பெட்டி மின்னோட்டத்தின் திசையை மாற்றி அனுப்ப, மோட்டார் கம்பியைத் தள்ளும் அல்லது இழுக்கும். ஒரு நொடிகூட ஆகாது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனை கழற்றப்படும். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை மறைவாக ஒரு ஸ்பிரிங் கிளிப் பிடித்திருக்கும். கைப்பிடிக்குப் பின்னால் கந்தல் துணியை நுழைத்து இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் தெறித்து விழும். கை தேர்ந்தவர் அது விழும் இடத்தில் முன்பே உள்ளங்கையை வைத்திருப்பார். பிறகு கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடும் அதன் பின்னுள்ள பிளாஸ்டிக் தாளும் கழன்று வரும்.

உண்மையான வேலை இனிமேல்தான். மோட்டார் கம்பி, பழைய லாக் கம்பி நகரும் அதே திசையில், இணையாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் மோட்டார் முனகும், பூட்டு அசையாது. பல வருடம் எண்ணெய் காணாத பூட்டாக இருந்தால் முதலில் கிரீஸ் வைத்து இளக்குவது முறை. இல்லையென்றால் பழி புது மோட்டார்மேல் விழும். துளை போடுமுன் கண்ணாடியை முழுக்க இறக்கி, அது மோட்டாரில் இடிக்காததை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கதவிலிருந்து வயர் உள்ளே வரும் இடம்தான் பிற்காலத்தில் தொல்லை தரும். தகரத்துளையின் கூர்விளிம்பில் உரசி உறை கிழிந்தால் ஷார்ட் ஆகும். அங்கே ரப்பர் புஷ் கட்டாயம். கதவு முழுதாகத் திறக்கும் அளவுக்கு வயர் தளர்வாகவும் இருக்க வேண்டும். பூட்டு வண்டி ஓடாதபோதும் இயங்க வேண்டியிருப்பதால் கரன்ட் நேராக பேட்டரியிலிருந்து, ஃபியூஸ் வழியாக எடுக்கப்படும். ஃபியூஸை மிச்சம் பிடிப்பது மோசமான சிக்கனம். ஏதாவது ஒரு கதவு மட்டும் எதிர்மாறாக, மற்றவை பூட்டும்போது திறந்தால், அதன் இரண்டு மோட்டார் வயர்களை இடம் மாற்றினால் போதும்.

பிளாஸ்டிக் தாளை மறுபடி ஒட்டாமல் டோர் பேடை மாட்டுபவர்களும் உண்டு. முதல் மழையிலேயே பேட் ஊறிவிடும். வண்டியை எடுக்க வருபவர் தாளை ஒட்டியாயிற்றா என்று கேட்டுவிட்டு, நான்கு கதவின் லாக் குமிழையும் கையாலேயே ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். பேட்டரி இறங்கிவிட்டால் உள்ளிருப்பவர் வெளியே வர அதுதான் வழி.