நின்றுபோன காரின் நடுக்கம்

அரபுக் கல்லூரியில் இலக்கணம் படித்துக் கொடுக்கும் ஒரு மௌலவிக்கும் காரின் இஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கக்கூடும். 2024ஆம் ஆண்டு வரைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. என் மூத்த சகோதரியின் வீட்டு முற்றத்தில் இரண்டு வருடங்களாக உறங்கிக் கிடந்த ஒரு பழைய கார்தான் என்னை இந்த விடயத்தில் மாணவனாக உட்கார வைத்தது. உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு வாகனம் நிற்கலாம். வெளிநாடு போன மகன் விட்டுப்போனதாக இருக்கலாம். வபாத்தான கணவர் விட்டுப்போனதாக இருக்கலாம். அப்படியான சகோதரிகளுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ராத்தாவின் வீடு மாவனல்லையில் இருக்கிறது. மச்சானிடம் இருந்தது எண்பதுகளில் ஜப்பானில் செய்யப்பட்ட, நான்கு சிலிண்டர் உள்ள, காபரேட்டர் வைத்த சிறிய கார். அவர் அதைப் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார்.

2022 ஜூன் மாதத்தை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் செட்டுகளுக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வாகன வரிசை. மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. பின்பு அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் மச்சான் இரண்டு நாட்கள் வரிசையில் கிடந்து, இரவில் காருக்குள்ளேயே தூங்கி, கிடைத்ததை அடித்துக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். "இது ஆபத்து அவசரத்துக்கு. யாரும் தொடப்படாது" என்று வீட்டாரிடம் சொன்னாராம்.

ஜூலையில் கியூஆர் முறை வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். ஆனால் அந்த விலைக்குக் கார் ஓட்ட அவருடைய ஓய்வூதியம் இடம் கொடுக்கவில்லை. பஸ்ஸிலேயே போய்வந்தார். 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இரவு அவருக்கு நெஞ்சுவலி கண்டது. பதற்றத்தில் யாருக்கும் காரின் ஞாபகம் வரவில்லை. அயல்வீட்டார் தங்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விடியுமுன் அவர் வபாத்தாகிவிட்டார். அவசரத்துக்கென்று அவர் சேர்த்து வைத்த பெற்றோல் தாங்கியிலேயே கிடந்தது.

இத்தா நாட்களில் காரைப் பற்றி யார் நினைப்பது? சாவி என் கைக்கு வந்தது. நானும் ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பின்னரும் போய், முற்றத்தில் நின்றபடியே ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு நிறுத்திவிட்டு வருவேன். பெரிய உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு. சில மாதங்களில் பற்றரி செத்துப்போனது. அத்தோடு நானும் விட்டுவிட்டேன்.

ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம். பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகவேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏற முடியாது. ஒவ்வொரு தடவையும் கடுகண்ணாவை ஏற்றம் ஏறி இறங்க வாகனக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. மருமகள் அப்போதுதான் லைசன் எடுத்திருந்தாள். "மாமா, வாப்பாட காரை ஸ்டார்ட் பண்ணிப் பாப்பமா?" என்றாள்.

இன்னொரு வாகனத்தின் பற்றரியை இரவல் வாங்கிப் பூட்டினோம். நாலைந்து முறை இழுத்தபின் இஞ்சின் பிடித்தது. ஆனால் என்ன நடுக்கம்! காய்ச்சல்காரனைப் போல் வண்டி முழுவதும் உதறியது. கண்ணாடிகள் கிலுகிலுத்தன. அக்சிலேட்டரை மிதித்தால் ஓரளவு சீராகும். காலை எடுத்தால் மறுபடியும் உதறி, இருமி, அணைந்துவிடும்.

நான் செய்த அடுத்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேகத்தைக் கூட்டும் திருகாணி ஒன்று காபரேட்டரில் இருப்பதை யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அதைத் தேடிப்பிடித்துத் திருகினேன். இஞ்சின் அணையாமல் உறுமிக்கொண்டு நின்றது. நோய் அப்படியே இருக்க, சத்தத்தால் அதை மூடியதுதான் நான் செய்த வைத்தியம்.

அடுத்த வாரம் ஒரு தரகரைக் கூட்டிவந்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கார்களுக்குக்கூட ஊரில் நல்ல விலை இருந்த காலம் அது. அவர் பொனட்டைத் திறந்து ஒரு நிமிடம் கேட்டார். "இஞ்சின் முடிஞ்சு மௌலவி. ரிங் போயிட்டு. இத அள்ளிச் செய்யணும்" என்றார். அவர் சொன்ன விலை, அப்படியான கார்கள் போகும் விலையில் பாதியும் இல்லை. நானும் அதை நம்பி, "குடுத்திருவம் ராத்தா, இனி இது நமக்குத் தலையிடிதான்" என்றேன். ராத்தா ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஒரு மாசம் போகட்டும் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதத்துக்குள் மருமகள் ஒரு காரியம் செய்தாள். மச்சானின் காரை முன்னர் பார்த்துவந்த வயதான கராஜ் நானாவைத் தேடிப்போய் வீட்டுக்கு அழைத்துவந்தாள். அவர் பொனட்டைத் திறக்கவில்லை. "மகள், கடைசியா எப்ப பெற்றோல் அடிச்சது?" என்று கேட்டார். அவள் சொன்னதும் தாங்கியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். எங்களையும் மணக்கச் சொன்னார். அது பெற்றோல் மணமாகவே இல்லை. பழைய வார்னிஷ் மணம் போல இருந்தது.

"பெற்றோல் என்டது பல எண்ணெய் சேர்ந்த ஒரு கலவை" என்று அவர் விளக்கினார். நாட்போக்கில் லேசானவை ஆவியாகிப் போய்விடும். எளிதில் தீப்பிடிப்பவை அவைதான். மிஞ்சுவது கனத்துப்போய், பிசின் போலாகிக் குழாய்களின் உள்ளே படியும். சில மாதங்களிலேயே இந்தப் பழுது தொடங்கிவிடுமாம். எங்கள் காரில் கிடந்ததோ இரண்டு வருடத்துப் பெற்றோல். "முதல்ல இதை இறக்கணும்" என்றார்.

வாசலில் நின்ற ராத்தாவின் முகம் மாறியது. "அது அவர் ரெண்டு நாள் வரிசையில நின்டு வாங்கினது" என்றார். நானா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார். சிறிது நேரம் கழிந்தது. ராத்தா தாமாகவே, "இறக்குங்க நானா. கார் ஓடத்தானே அவர் வாங்கினார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பதினொரு லீற்றர் அளவில் இருந்தது. மருமகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். நானா அதை வாயால் உறிஞ்சவில்லை. கையால் அமுக்கும் பம்பினால் இறைத்தார். திறந்த வெளியில், அடுப்புக்குத் தூரமாக வைத்து இறக்கி, இரும்பு கேனில் மூடித் தம்மோடு கொண்டுபோனார். கானில் ஊற்ற விடவில்லை. அடுப்பு மூட்ட ஒரு துளிகூடத் தரவில்லை.

புதிய பெற்றோல் ஐந்து லீற்றர் ஊற்றி, பெற்றோல் பில்டரையும் மாற்றினார். எயார் பில்டரைத் திறந்தால் உள்ளே எலி தும்பு சேர்த்துக் கூடு கட்டியிருந்தது. அதையும் மாற்றினார். நடுக்கம் சற்றுக் குறைந்தது, போகவில்லை. "எல்லாத்தையும் ஒரே நேரத்தில கழற்றி மாத்தினா எது பழுதென்டு கடைசி வரைக்கும் தெரியாது. ஒன்டச் செய், ஓடவிட்டுப் பார், பிறகு மத்தது" என்றார்.

இந்த இடத்தில் எனக்கு என் வகுப்பறை நினைவு வந்தது. மாணவன் ஒரு வரியைத் தப்பாக வாசித்தால் "இவனுக்கு அரபு வராது" என்று எந்த உஸ்தாதும் முடிவு கட்டுவதில்லை. எந்தச் சொல்லில் சறுக்கினான் என்றுதான் பார்ப்போம். காரின் விடயத்தில் மட்டும் நான் ஒரு நிமிடத்தில் முடிவுக்கு வந்திருந்தேன்.

அடுத்ததாகப் பிளக்குகளைக் கழற்றினார். நான்கும் கரிபிடித்துக் கறுப்பாக இருந்தன. "இது யார்ட வேலை? நிப்பாட்டி வெச்சு அஞ்சு நிமிசம் ஓடவிட்டதா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். இஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் நிறுத்திவிட்டால் பிளக்கில் கரிதான் சேரும். ஸ்டார்ட் பண்ணச் செலவான மின்சாரமும் பற்றரிக்குத் திரும்பக் கிடைக்காது. என் வெள்ளிக்கிழமை உபகாரம் இப்படி முடிந்திருந்தது.

பிளக்குகள் வெளியே இருந்தபோதே, அந்தத் துளைகளில் அழுத்தம் பார்க்கும் மானியை வைத்துப் பார்த்தார். நான்கு சிலிண்டரும் நல்ல அழுத்தம் காட்டின. ஏறத்தாழ ஒரே அளவு. ஒயிலும் குறைந்திருக்கவில்லை, புகையில் நீலநிறம் இல்லை. "ரிங் போனா இப்படிக் காட்டாது. இஞ்சின் நல்லாத்தான் இருக்கு" என்றார். தரகர் சொன்னது பொய்யோ அறியாமையோ, அல்லாஹ் அறிவான். ஆனால் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்விக்காமல் விற்கத் துணிந்தவன் நான்தான்.

புதிய பிளக்குகள் போட்டபின்னும் ஆற்றி ஓடவிட்டால் அணைந்துகொண்டே இருந்தது. "மிதிச்சா ஓடுது, விட்டா ஏன் நிக்குது நானா?" என்று மருமகள் கேட்டாள். அவர் சொன்ன பதில் சகோதரிகளுக்கு உடனே விளங்கும். கேஸ் குக்கரின் பேணரில் சிறிது அடைப்பிருந்தால், பெருந்தீயில் தெரியாது. தீயைக் குறைத்து வைக்கும்போதுதான் அது தடுமாறி அணையும். காபரேட்டரிலும் கார் நின்றபடி ஓடுவதற்கென்று ஒரு தனி ஜெட் இருக்கிறது. அதன் துளை அரை மில்லிமீற்றர் அளவுதான். பழைய பெற்றோலின் பிசின் முதலில் அடைப்பது அதையே. காபரேட்டரைக் கழற்றி, அந்தச் சிறு பித்தளைத் துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். வெளிச்சம் வரவேயில்லை. அதற்குரிய திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்துத் திறந்தார். கம்பி விட்டுக் குத்தக் கூடாதாம்; துளை பெருத்தால் ஜெட் பாழ்.

மறுபடி பூட்டியபோது இஞ்சின் அணையாமல் நின்றது. ஆனாலும் ஏறி ஏறி இறங்கியது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "நானா, ஒரு 'உஸ்' என்ட சத்தம் கேக்குது" என்றாள். அவள் காட்டிய இடத்தில், பிறேக்குக்குப் போகும் தடித்த றப்பர் குழாய் விறைத்து, வெடித்திருந்தது. நானா சீலையைச் சுற்றிக் குறட்டால் அந்தக் குழாயை நசித்துப் பிடித்தார். அந்தக் கணமே இஞ்சின் அடங்கியது. வெடிப்பின் வழியாகத் தேவைக்கு மேலான காற்றை இஞ்சின் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. பிறேக் கட்டை கல்லுப் போல் இருந்ததற்கும் அதுவே காரணம். அந்த நிலையில் காரைத் தெருவில் இறக்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

புதிய குழாய் போட்டபின் இஞ்சின் பெரிதாக உறுமியது. நானா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது மௌலவி கூட்டினது" என்று சொல்லி, நான் திருகிய திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். நிமிடத்துக்கு 750 சுற்று அளவில் நிறுத்தினார். செலவைக் கூட்டிப் பார்த்தபோது, புதிய பற்றரியின் விலைதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. காரைத் தெருவில் இறக்குமுன் பிறேக், டயர் எல்லாம் பார்த்து, ஒயிலையும் மாற்றினார்.

நானா சொன்னவற்றை மருமகள் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். உங்களுக்கும் உதவும். காரை மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். டயர்களில் காற்று நிறைவாக இருக்கட்டும். ஹேண்ட் பிறேக்கை இழுத்து வைக்காமல், சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். இடையில் ஓட்டுவதென்றால் இருபது நிமிடமாவது தெருவில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தொடாமல் விடுங்கள். மூடிய கராஜுக்குள் இஞ்சினை ஓடவிடவே வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் நஞ்சுக்கு மணமில்லை, அது உயிரைக் குடிக்கும். காபரேட்டர் இல்லாத புதிய கார்களில் பற்றரியைக் கழற்றிப் பூட்டினால், கம்ப்யூட்டர் தன் பழைய கணக்கை மறந்து முதலில் சற்றுத் தடுமாறலாம். காற்று போகும் வாயிலில் கரி படிந்திருந்தாலும் நடுக்கம் வரும். அதற்காகவும் இஞ்சின் முடிந்தது என்று யாரும் சொன்னால் உடனே விற்றுவிடாதீர்கள்.

அடுத்த கிளினிக் நாளில் மருமகள் ஓட்டினாள். ராத்தா பக்கத்தில் இருந்தார், நான் பின்னால். கடுகண்ணாவையில் லொறிகளுக்குப் பின்னால் நெடுநேரம் நிற்க வேண்டி வந்தது. ராத்தா கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "என்ன மகள், நின்டுட்டா?" என்று பதறிக் கேட்டார்.

"இல்ல உம்மா, ஓடிட்டுத்தான் இருக்கு" என்றாள் அவள்.

ராத்தா கொஞ்சநேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு பிடியை விட்டுவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டார்.