மீன் இல்லாத தொட்டி

கடல்மீன் வளர்க்கிறது காசுக்காரரின்ர வேலை எண்டு சொல்லுவினம். தம்பியும் நானும் ஒட்டின தொட்டி 45 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம். கிட்டத்தட்ட 40 லீற்றர்.

வடிகட்டி தனியாக வாங்கவில்லை. பின்பக்கத்தை ஒரு கண்ணாடியால் மறித்து மூன்று அறைகளாகப் பிரித்தோம். முன்னாலிருந்து வழியும் தண்ணீர் முதல் அறையில் பஞ்சுக்குள்ளாலும், அடுத்ததில் துளைகள் நிறைந்த கற்களுக்குள்ளாலும் போகும். மூன்றாவதிலுள்ள சின்ன மோட்டர் அதைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும்.

லீற்றருக்கு 35 கிராம் உப்பு. கறியுப்பு சரிவராது, தொட்டிக்கென்றே விற்கிற உப்பு வேணும்.

பிறகு காத்திருப்பு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மீனையே கொல்லும். அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பக்ரீரியாக்கள் அந்தக் கற்களில் பெருக 4 தொடக்கம் 6 கிழமை செல்லும். அதுவரைக்கும் அவைக்காகத் தினமும் ஒரு கிள்ளு மீன்சாப்பாடு போடுறோம்.

"மீனே இல்லாததுக்கு ஏன் பிள்ளை கரண்ட்?" எண்டு அம்மா கேட்டா. நியாயமான கேள்வி. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டின நாடு இது. மோட்டர் நின்றால் ஒட்சிசன் குறையும். மீனும் தாங்காது, பக்ரீரியாவும் தாங்காது. அதனால் பற்றரியில் ஓடுற காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வைத்த பிறகுதான் மீனைப் பற்றிக் கதைத்தோம். முருகைக்கல் வேண்டாம். அதைக் கடலிலிருந்து பிடுங்குவது சட்டப்படியும் குற்றம்.

ஆவியாகிறது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். குறைகிற அளவுக்கு நல்லதண்ணிதான் விடவேணும். இப்ப ஒவ்வொரு காலையும் அதை அளந்து விடுறது அம்மா. உள்ளே இன்னும் ஒரு மீன்கூட இல்லை.