பெயர் தெரிந்தால் போதுமா?

பத்து வருஷம் குடியிருந்தும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாத மனிதரைக் கண்டால் நாம் சிரிப்போம். தினமும் நிழல் தருகிற மரத்தின் பெயரைக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விழிக்கமாட்டோம்?

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. நொய்யல் தண்ணீர் வந்து நிறைகிற சிங்காநல்லூர்க் குளக்கரையில், இயற்கையில் ஈடுபாடு கொண்ட சிலர் நம்மை அழைத்துச் சென்று செடிகளையும் பறவைகளையும் இனம் காட்டுகிறார்கள். ஒரு நாள் நானும் போனேன். வழிகாட்டியவள் ஒரு கல்லூரிப் பெண். காங்கயம் பக்கத்துப் பெரியவர் ஒருவரும் பேரனுடன் வந்திருந்தார்.

கம்பிமேல் இருந்த கரிய பறவையைக் காட்டி, "இரட்டைவால் குருவி" என்றாள் அவள்.

"எங்களுக்குக் கரிச்சானுங்க, அம்மிணி. அது கத்துனாத்தான் கவலை ஓட்ட எந்திரிப்போம்" என்றார் பெரியவர்.

வெள்வேல மரத்தடியில், அது அவரை, துவரையின் குடும்பம் என்று அவள் விளக்கினாள். கொறங்காட்டில் மேயும் மாடுகளுக்கு அதன் காய் எப்படித் தீனியாகிறது என்று அவர் சொன்னார். புத்தகம் மரத்தின் குலத்தைச் சொன்னது. கிராமம் அதன் குணத்தைச் சொன்னது. அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

இரண்டு அறிவும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. நாணலைப் போல வளரும் ஒரு காட்டுப் புல்லைப் பேய்க்கரும்பு என்று நாம் ஒதுக்கி வைத்தோம். 1912-இல் கோயமுத்தூரில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையம் அதை ஒதுக்கவில்லை. அந்தப் புல்லையும் நல்ல கரும்பையும் இணைத்துப் பிறந்த 'கோ 205' ரகம் 1918-இல் சாகுபடிக்கு வந்து, வட நாட்டு வயல்களில் வேரூன்றியது.

நம் வீட்டுக் கிழவர்களோடு எத்தனை பெயர்கள் மறைகின்றனவோ! பெயர் போனால் மரம் வெறும் முள்ளாகிவிடும். புல் வெறும் களையாகிவிடும். முள்ளையும் களையையும் வெட்டி எறிய யார் தயங்குவார்கள்?

அன்று அந்தச் சிறுவன், அடுத்த கம்பியில் ஒரு பறவை வந்து உட்கார்ந்ததும், "தாத்தா, கரிச்சான்!" என்று கூவினான். ஒரு பெயர் இன்னும் ஐம்பது அறுபது வருஷத்துக்குப் பிழைத்துக்கொண்டது.