நாணற்காட்டு ஓரத்தில் நகரும் வீடு



விடுமுறை வந்துவிட்டால் உறவினர் இல்லம், அல்லது விடுதி அறை. நமக்குப் பழகிய வழக்கம் இதுவே. வீட்டையே சக்கரங்களின்மேல் ஏற்றிக்கொண்டு புறப்படும் பயணமும் ஒன்று உண்டு. அதற்குரிய வண்டியை இங்கிலாந்து மக்கள் 'கேம்பர் வேன்' என்பர். அதில் ஏறி, அந்நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள சஃபோக் பகுதிக்கு எம்முடன் வாருங்கள்.

பகலில் இருக்கையாய் இருப்பது இரவில் விரிந்து படுக்கையாகிறது. ஓரத்தில் சிறிய எரிவாயு அடுப்பு. அடியில் தண்ணீர்த் தொட்டி. உம்மாவின் அடுப்பும் உடன் வருவதால், ஹலால் உணவு தேடி ஊர் ஊராய் அலையும் கவலை இல்லை. எனினும் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இரவைக் கழித்துவிட இயலாது. நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஆகவே முகாம் திடலில் முன்கூட்டியே இடம் பதிந்துகொள்வது நலம்.

அக்கரையில் டன்விச் என்றொரு சிற்றூர் உள்ளது. ஒரு காலத்தில் பெரிய துறைமுக நகராய் விளங்கிய ஊர் அது. 1286ஆம் ஆண்டின் பெரும்புயல் அதன் துறைமுகத்தைச் சிதைத்தது. பின்னர் வந்த நூற்றாண்டுகளில் வீதி வீதியாக நகரைக் கடல் விழுங்கிற்று. அவ்வூரிலிருந்து தெற்கு நோக்கி, புதர்கள் அடர்ந்த மேட்டு நிலத்தின் வழியே நடந்தால், கீழே கடலோரத்தில் பரந்த நாணற்காடு ஒன்று கண்ணில் விரியும். அதுவே மின்ஸ்மியர்.

அது சதுப்பான கதை கேளுங்கள். இரண்டாம் உலகப்போரின்போது, 1940ஆம் ஆண்டில், பகைவர் படை கரையிறங்கிவிடக் கூடாதென்று அந்த மேய்ச்சல் நிலத்தில் வேண்டுமென்றே நீரைத் தேக்கினார்கள். படை வரவில்லை, பறவை வந்தது! மேல்நோக்கி வளைந்த மெல்லிய அலகும் கறுப்பு வெள்ளை உடலும் கொண்ட கோணமூக்கு உள்ளான், சுமார் நூறு ஆண்டுகளாகப் பிரிட்டனில் குஞ்சு பொரிப்பதையே விட்டிருந்தது. சதுப்புகளை வற்றச் செய்ததும், முட்டைகளை அள்ளிச் சென்றதும் அதை விரட்டியிருந்தன. 1947ஆம் ஆண்டில் அது இங்கே மீண்டும் கூடு கட்டிற்று. அவ்வாண்டு முதல் அரசப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் இவ்விடத்தைக் காத்து வருகிறது. நம் கோடியக்கரைக்கும் குளிர்காலத்தில் இவ்வினப் பறவைகள் வருவதுண்டு.

சேற்றுப் பூனைப்பருந்தின் நிலை இன்னும் பரிதாபமானது. பூச்சிமருந்துகளின் நஞ்சால் இவ்வினம் அருகி, 1971இல் பிரிட்டன் முழுவதிலும் ஒரேயொரு இணை மட்டுமே கூடு கட்டியது. அதுவும் இந்த நாணற்காட்டில்தான். இன்று அவை நூற்றுக்கணக்கில் பெருகியுள்ளன. நாணலுக்குள் ஒளிந்து வாழும் பிட்டர்ன் என்னும் குருகில், 1997இல் குரலெழுப்பும் ஆண்பறவைகள் நாடெங்கும் 11 மட்டுமே இருந்தன. வறண்ட நாணற்காடுகளைத் தோண்டி ஆழமாக்கி, நீர் நிற்கச் செய்தபின், அவ்வெண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது.

ஏப்ரல், மே மாதங்களில், விடியலுக்கு முன்பே வண்டியின் கதவை மெல்லத் திறந்து வெளியே வாருங்கள். வெறும் குடத்தின் வாயில் ஊதினாற்போன்ற ஆழ்ந்த ஒலியொன்று நாணலுக்குள்ளிருந்து எழும். அக்குருகின் குரல் அது. பல கிலோமீட்டர் தொலைவு வரை கேட்கும். மரத்தாலான பார்வைக் குடிலுக்குள் அமர்ந்து, திறப்பின் வழியே தொலைநோக்கியை நீட்டிக் காத்திருங்கள். ஓடியாடும் பிள்ளைகளும் அங்கே தாமாகவே வாய்மூடி இருக்கக் காண்பீர்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கோணமூக்கு உள்ளான் வெறுந்தரையில் முட்டையிடும். படம் எடுக்கும் ஆவலில் நாம் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். முட்டைகள் குளிர்ந்து போகும், அல்லது காகத்துக்கு இரையாகும். எனவே பாதையை விட்டு இறங்காதீர்கள். வண்டியின் கழிவுநீரை அதற்கென்று அமைந்த இடத்திலன்றி வேறெங்கும் கொட்டாதீர்கள்.

தெற்கே, சைஸ்வெல் அணுமின் நிலையத்தின் வெண்ணிறக் குவிமாடம் தெரிகிறது. அதனருகே புதியதொரு நிலையத்துக்கு 2022இல் அரசு இசைவளித்தது. சதுப்புக்கு என்னாகுமோ என்ற அச்சம் பறவை அன்பர்களுக்கு உண்டு. மீண்டு வந்தவை மீண்டும் போய்விடக் கூடும் அல்லவா?

பறவைகளுக்கு இடம் விட்டு மனிதர் சற்றே விலகி நின்றார்கள். அவை திரும்பி வந்தன. விடுமுறை முடிந்து வீடு திரும்பும் பிள்ளைகளின் உள்ளத்தில் இவ்வொரு பாடம் தங்கினால், அப்பயணம் வீண்போகவில்லை என்று மகிழலாம்.