எடுக்காத புள்ளிகள்

ஃபுட்பால் பார்க்கும்போது என் மடியில் ஒரு நோட்டு இருக்கும். அலபாமா மாநிலத்தில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்கு வந்த காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம். ஓர் அணியின் கைக்குப் பந்து வந்ததும் ஒரு வரி தொடங்கும்: எந்த இடத்தில் ஆரம்பித்தார்கள், எவ்வளவு தூரம் போனார்கள், எப்படி முடிந்தது. பந்து கை மாறினால் அடுத்த வரி. ஏழு புள்ளி எடுத்திருக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் திரும்பினால் அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம். இவ்வளவுதான் என் கலை. ஆனால் தோற்கவேண்டிய அணி ஜெயித்த கதை எதைக் கேட்டாலும் இந்த வட்டங்கள் வழியாகத்தான் எனக்குப் புரிகிறது. அப்படிப் புரிந்த கதைகளில் முதலாவது 2010 நவம்பர் 26-ஆம் தேதி ஆபர்ன் அலபாமாவை வென்ற ஆட்டம்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் கணக்கு. இது அமெரிக்க ஃபுட்பால். நூறு யார்டு மைதானம், பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு. எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் ஓர் உதைக்கு 1. அதுவரை போக முடியாதவர்கள் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 எடுப்பார்கள்; அது ஃபீல்டு கோல். ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு தடவைதான் பந்து கைக்கு வரும். ஆகவே 24 புள்ளி பின்தங்கிய அணிக்குச் சாதாரணக் கணக்கில் நான்கு டச்டவுன் வேண்டும். அதுவும் எதிரணி அங்கேயே நின்றுவிட்டால். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பெரும்பாலான ரசிகர்கள் கவனிப்பதில்லை.

ஆபர்னும் அலபாமாவும் ஒரே மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள். 1907-க்குப் பிறகு சண்டை பிடித்துக்கொண்டு 1948 வரை ஒன்றோடொன்று ஆடவே இல்லை. மறுபடி ஆடத் தொடங்கியபோது பல பத்தாண்டுகள் இரும்புத் தொழில் ஊரான பர்மிங்ஹாமில் மோதினார்கள். அதனால் இந்த ஆட்டத்துக்கு ‘அயர்ன் போல்’ என்று பெயர். இங்கே கல்யாணத் தேதி குறிப்பவர்கள்கூட இந்த நாளைத் தவிர்த்துவிடுவார்கள். 2010-இல் ஆட்டம் டஸ்கலூசாவில், அலபாமாவின் சொந்த மைதானத்தில் நடந்தது. அந்த வருடம்தான் அதை விரிவாக்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரும்படி செய்திருந்தார்கள். அலபாமா முந்தைய சீசனின் தேசிய சாம்பியன். பயிற்சியாளர் நிக் சேபன். எங்கள் அணி பதினோரு ஆட்டங்களில் பதினொன்றையும் ஜெயித்து வந்திருந்தது. எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர், கேம் நியூட்டன். அவர் தந்தை இன்னொரு கல்லூரியிடம் பணம் கேட்டாரா என்று அப்போது விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஆட்டத்துக்கு முன் அந்த மைதானத்து ஒலிபெருக்கியில், பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவது பற்றிய பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக் கேலி செய்தார்கள்.

முதல் பகுதியில் நோட்டு கசந்தது. அலபாமாவின் மார்க் இங்ரம் 9 யார்டு ஓடி டச்டவுன். ஜூலியோ ஜோன்ஸுக்கு 68 யார்டு பாஸ், டச்டவுன். டேரியஸ் ஹேங்க்ஸுக்கு இன்னொன்று. 21-0. எங்கள் பக்கத்து வரிகள் தொடங்கிய இடத்திலேயே முடிந்துகொண்டிருந்தன. தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, ஊருக்குப் போகாத நாலைந்து தமிழ் மாணவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். “விடுடா மச்சான், முடிஞ்சுது. சோத்தைச் சூடு பண்ணு” என்றான் ஒருவன்.

அப்போது இங்ரம் கையில் மறுபடி பந்து வந்தது. ஒரு பாஸைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஓடினார். முந்தைய வருடம் கல்லூரி ஃபுட்பாலின் மிக உயர்ந்த தனிநபர் விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கியவர். அவருக்கு முன்னால் யாரும் இல்லை. பின்னால் ஓடியவர் அன்டுவான் கார்ட்டர். கார்ட்டர் தடுப்பு வரிசையில் நிற்கும் பெரிய ஆள். இவ்வளவு தூரம் துரத்துவது அவர் வேலையே இல்லை. 21-0 பின்தங்கிய ஆட்டத்தில், எதிரணியின் மைதானத்தில், அவர் விடாமல் துரத்தி இங்ரமின் கையிலிருந்த பந்தைப் பின்னாலிருந்து குத்தினார். பந்து விழுந்தது. ஓரக் கோட்டுக்கு அருகிலேயே, கோட்டைத் தொடாமல், இருபது யார்டுபோல் நேராக உருண்டு கடைசிக் கோட்டையும் தாண்டி வெளியே போனது.

இங்கே விதி கொடுமையானது. பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தால், விழுந்த இடத்திலேயே பந்து அலபாமாவுக்குத் திரும்பிக் கிடைத்திருக்கும். கடைசிக் கோட்டைத் தாண்டிப் போனதால் அது எங்கள் பந்து, எங்களுடைய 20 யார்டு கோட்டில். முட்டை வடிவப் பந்து இருபது யார்டு நேராக உருள்வது அதிர்ஷ்டம். அதை மறுத்துப் பேசும் ஆபர்ன் ரசிகன் பொய் சொல்கிறான். ஆனால் அந்த அதிர்ஷ்டம் விழ ஓர் இடம் வேண்டியிருந்தது. கார்ட்டர் பாதி வழியில் நின்றிருந்தால் அந்த இடம் இல்லை. முதல் வட்டம்.

இரண்டாவது வட்டம் சத்தமில்லாமல் வந்தது. அலபாமா மறுபடி கோட்டருகே வந்தது. டிரென்ட் ரிச்சர்ட்சன் கைக்கு வந்த டச்டவுன் பாஸைத் தவறவிட்டார். ஃபீல்டு கோல் உதைத்து 3 எடுத்தார்கள். 24-0. புள்ளிப்பலகையைப் பார்த்தவனுக்கு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. நோட்டைப் பார்த்தவனுக்கு 4 புள்ளி மிச்சம். கிரிக்கெட்டில் ஸ்கோர்போர்டு தவறவிட்ட கேட்சைக் காட்டாது. முப்பது ஓவர் கழித்துத்தான் அதன் விலை தெரியும். இதுவும் அப்படித்தான்.

அதன்பின் நியூட்டன் எமரி பிளேக்குக்கு 36 யார்டு பாஸ் கொடுத்து முதல் டச்டவுன். 24-7. இடைவேளைக்குச் சற்று முன் அலபாமா மூன்றாம் முறையாக எங்கள் கோட்டருகே நின்றது. நிக் ஃபேர்லி அவர்களுடைய குவார்ட்டர்பேக் கிரெக் மெக்கெல்ராய் மேல் பாய்ந்து வீழ்த்தி, சிதறிய பந்தையும் தானே எடுத்தார். மூன்றாவது வட்டம்.

இடைவேளையில் மூன்று வட்டங்களையும் கூட்டினேன். முதலாவதில் 7, இரண்டாவதில் 4, மூன்றாவதில் குறைந்தது 3. மொத்தம் 14. அவை விழுந்திருந்தால் 38-7. யாரும் எதையும் துரத்தியிருக்க முடியாது. 24-7 என்பது 17 புள்ளி வித்தியாசம், கையில் முப்பது நிமிடம். மூன்று டச்டவுன் போதும். எங்கள் அணிக்குப் பின்தங்குவதும் புதிதில்லை. அந்தச் சீசனிலேயே கிளெம்சனிடம் 17-0 பின்தங்கிக் கூடுதல் நேரத்தில் 27-24 என்று ஜெயித்தார்கள். ஜார்ஜியாவிடம் 21-7 பின்தங்கி 49-31 என்று முடித்தார்கள். பின்தங்கினால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். தங்கள் ஆட்டத்தையே ஆடுவது, கொஞ்சம் வேகமாக.

மூன்றாம் பகுதி தொடங்கியதுமே நியூட்டன் டெரல் ஸாக்கரிக்கு 70 யார்டு டச்டவுன் பாஸ் கொடுத்தார். 24-14. பிறகு ஒரு யார்டு தூரத்திலிருந்து தானே நுழைந்தார். 24-21. தாக்குதல் பயிற்சியாளர் கஸ் மால்ஸான் அணியை ஓட்டிய வேகம் இங்கே முக்கியம். ஒரு முயற்சி முடிந்ததும் கூடிப் பேசாமல் உடனே வரிசையில் நின்றுவிடுவார்கள்; எதிரணிக்கு மூச்சு வாங்கவும் ஆள் மாற்றவும் நேரம் கிடைக்காது. கடிகாரம் எதிரியாக இருக்கும் அணிக்கு இந்த வேகம் கூடுதல் வாய்ப்புகளை வாங்கிக் கொடுக்கும்.

கடைசிப் பகுதியில் அலபாமா மறுபடி நெருங்கி வந்தது. எங்கள் தடுப்பு அவர்களை நிறுத்தியது. ஃபீல்டு கோல், 27-21. நான்காவது வட்டம். அது டச்டவுனாக இருந்திருந்தால் 31-21. ஒரு டச்டவுனால் எட்ட முடியாத தூரம். 27-21 என்பது ஒரு டச்டவுனும் ஓர் உதையும்.

அடுத்த எங்கள் வரியில் நான்காம் முயற்சி வந்தது, மூன்று யார்டு தேவை. பந்தைத் தூர உதைத்துவிட்டு, தடுப்பை நம்பிக் காத்திருக்கலாம். தலைமைப் பயிற்சியாளர் ஜீன் சிஸிக் காத்திருக்கவில்லை. நியூட்டன் டார்வின் ஆடம்ஸுக்குப் போட்டார், கிடைத்தது. கொஞ்ச நேரத்தில், 11:55 நிமிடம் மிச்சமிருக்க, ஃபிலிப் லுட்சன்கர்ச்சன் வெட்டவெளியில் தனியாக நின்று 7 யார்டு பாஸைப் பிடித்தார். பிடித்துவிட்டு அவர் ஆடிய குட்டி நடனம் ‘லுட்ஸி’ என்று பெயர் வாங்கியது. 2014-இல் கார் விபத்தில் அவர் இறந்துபோன பிறகும் ஆபர்னில் அந்த நடனத்தை ஆடுகிறவர்கள் உண்டு. உதை உள்ளே போனது. 28-27.

திரைப்படம் இங்கே முடிந்திருக்கும். ஆட்டத்தில் இன்னும் பன்னிரண்டு நிமிடம், ஒரு புள்ளி. மீட்சியில் யாரும் பாடாத பகுதி இது. ஓர் உதை உள்ளே போனால் எல்லாம் வீண். அலபாமாவின் கடைசி வரியில் எங்கள் டிஷார்வன் பெல், மெக்கெல்ராயை வீழ்த்தினார். மெக்கெல்ராய் அடிபட்டு வெளியேறினார். மாற்றாக வந்த ஏ.ஜே. மெக்கேரனின் நான்காம் முயற்சி பாஸ் யார் கையிலும் சேரவில்லை. மெக்கெல்ராய் அன்று பாஸ்களில் மட்டும் எடுத்தது 377 யார்டு, நியூட்டன் 216. தூரத்தில் ஜெயித்தவர்கள் அவர்கள். ஆனால் நோட்டில் இருந்தது வேறு கணக்கு: அலபாமாவுக்கு மூன்று டச்டவுன், இரண்டு ஃபீல்டு கோல், எங்களுக்கு நான்கு டச்டவுன், ஃபீல்டு கோல் ஒன்றுகூட இல்லை. கோட்டருகே போன எந்தத் தடவையும் நாங்கள் மூன்றோடு திரும்பவில்லை.

வென்றால் ஆபர்னில் டூமர்ஸ் கார்னர் என்ற நாற்சந்தியில் கூடி, அங்கிருந்த இரண்டு முதிய ஓக் மரங்களின் மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை எறிவது வழக்கம். அன்று மரங்கள் வெள்ளையாகிப் போயின. இரண்டு மாதம் கழித்து ஓர் அலபாமா ரசிகர் வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசி, அந்த மரங்களின் வேரில் களைக்கொல்லி ஊற்றியதாகப் பெருமையடித்தார். பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2013 ஏப்ரலில் மரங்களை வெட்டினார்கள். 2015-இல் புதியவை நட்டார்கள். தன் அணி ஏன் தோற்றது என்பதற்கு அந்த ஆளின் கண்முன் நான்கு காரணங்கள் இருந்தன. நான்கும் அவர் அணியின் வரியிலேயே. அதைப் பார்க்க மனமில்லாதவனுக்குத் தோல்விக்கு ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். மரம் கிடைத்தாலும் போதும்.

வென்றவனுக்கும் இதே நோய் வேறு முகத்தில் வரும். அந்த ஆட்டத்தை ‘நம்பிக்கை ஜெயித்தது’ என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். நம்பிக்கை எங்களிடம் மட்டுமா இருந்தது? அன்று கூடிய அந்தப் பெருங்கூட்டத்திலும் இருந்தது. வித்தியாசம் செய்தது கார்ட்டரின் ஓட்டம், ஃபேர்லியின் பாய்ச்சல், எதிரணி கைதவறியது, ஒரு பந்து நேராக உருண்டது, நான்காம் முயற்சியில் உதைக்காமல் ஆடியது. இதில் பாதி உழைப்பு, கொஞ்சம் துணிச்சல், மிச்சம் நம் கையில் இல்லாதது. இப்படிப் பிரித்துச் சொன்னால் வெற்றியின் ருசி குறைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். எனக்குக் கூடுகிறது. எங்கே யார் செய்தார் என்று தெரிந்தால்தானே நன்றி சொல்ல முடியும்?

அந்த அணி பிறகு தென் கரோலினாவை 56-17 என்று வென்றது. 2011 ஜனவரியில் ஆரிகனைக் கடைசி நொடி உதையில் 22-19 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. நியூட்டனுக்கு ஹைஸ்மன். எல்லாம் டஸ்கலூசாவில் கிடைத்த அந்த ஒரு புள்ளி மேல் நிற்கின்றன.

உங்கள் அணி பெரிதாகப் பின்தங்கியிருக்கும் நாளில் தொலைக்காட்சியை அணைக்கும் முன் ஒன்று பாருங்கள். நம்மவர்கள் எப்போது புள்ளி எடுப்பார்கள் என்பதை விடுங்கள். முன்னால் போகிறவன் ஏழு எடுக்க வேண்டிய இடத்தில் மூன்றோடு திரும்புகிறானா? வெறுங்கையோடு திரும்புகிறானா? திரும்பினால் ஆட்டம் இன்னும் முடியவில்லை. திரும்பாமல் ஏழேழாக எடுத்துக்கொண்டே போனால், தாராளமாகச் சோற்றைச் சூடு பண்ணலாம்.