வீடு நடந்து போன நாள்

ஒரு வீடு நடந்து போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தோம். எல்லைக் கம்பிக்கு அப்பால் மலாய்க் கம்பம். அங்கே ஒரு பெரியவர். பாக் சிக் என்று கூப்பிடுவோம். ஆறு கரையை அரித்து அரித்து அவர் வீட்டுப் படிக்கட்டுக்கே வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கம்பத்து ஆண்கள் கூடினார்கள். சமையற்கட்டைத் தனியாகக் கழற்றி முதலில் கொண்டு போனார்கள். பிறகு பெரிய வீட்டின் அடியில் நீள மூங்கில்களைக் கட்டினார்கள். ஒருவர் குரல் கொடுத்தார். வீடு எழுந்தது. நூறு கால்களோடு மெல்ல நடந்து மேட்டில் போய் உட்கார்ந்தது.

நான் ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. “அது அவங்க சொந்த வீடு தம்பி. அதான் அவங்க கூடவே வருது” என்றார்.

அந்தப் பேச்சின் பொருள் எனக்கு 1996-இல்தான் விளங்கியது. தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பம் பிறந்து, சமைந்து, செத்த அந்த லயத்தைப் புல்டோசர் அரை நாளில் முடித்துவிட்டது. பலகை பிளந்தது, கூரை நொறுங்கியது. எடுத்துப் போக ஒரு சட்டம்கூடத் தேறவில்லை. முப்பது வருடம் அந்தத் தோட்டத்தில் பால்வெட்டிய அம்மா, தம் அம்மிக்கல்லை மட்டும் லாரியில் ஏற்றச் சொன்னார். பட்டணத்து அடுக்கு வீட்டில் அந்த அம்மியை வைத்து அரைக்க முடியவில்லை. சத்தம் கேட்கிறதென்று கீழ்வீட்டார் கதவைத் தட்டினார்கள்.

இப்போது என் மகன் கட்டட வேலை படித்துவிட்டு வந்திருக்கிறான். பட்டணத்து ஓரத்தில் சிறுகச் சிறுகக் காசு கட்டி வாங்கிய மனையில் வீடு கட்ட வேண்டும் என்றதும் ஒரு படத்தை விரித்தான். “மாடுலர் வீடுப்பா. எல்லாத் துண்டும் ஒரே அளவு. இப்ப ரெண்டு துண்டு வைப்போம். காசு வந்தா இன்னொரு துண்டு சேர்ப்போம்” என்றான். புதுக் கண்டுபிடிப்பைப் போலச் சொன்னான்.

“இதைத்தானடா பாக் சிக் அன்றைக்கே வைத்திருந்தார்!” என்றேன். மலாய் வீட்டில் முதலில் எழுவது ரூமா இபு என்ற தாய்வீடு. வசதி வரும்போது சமையற்கட்டும் திண்ணையும் அதோடு ஒட்டும். தூணும் விட்டமும் துளையில் செருகி ஆப்பு வைத்துப் பூட்டியவை. ஆகவே கழற்றலாம், மறுபடி பூட்டலாம். லிம் ஜீ யுவான் என்பவர் 1987-இல் வெளியிட்ட ‘தி மலாய் ஹவுஸ்’ என்ற நூலில் இதையெல்லாம் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். தொழிற்சாலையில் துண்டு துண்டாக வார்த்துக் கொண்டுவந்து பூட்டும் வேலை நம் நாட்டில் 1960-களிலேயே வந்துவிட்டது. கோலாலம்பூர் பெக்கெலிலிங் பதினேழு மாடி அடுக்கு வீடுகள் டென்மார்க் நாட்டு முறையில் அப்படி எழுந்தவைதான். ஆனால் அது கான்கிரீட். ஏறினால் இறங்காது. கடைசியில் அதையும் இடித்துத்தான் தள்ளினார்கள்.

எங்கள் வீட்டுச் சுவருக்கு மகன் சொன்னது மண்கல். செம்மண்ணில் மணல் கலந்து, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சிமெண்டு சேர்த்து, அச்சில் இறுக அழுத்துகிறார்கள். சூளையில் சுடுவதில்லை, விறகு செலவில்லை. ஈரம் காயாமல் நிழலில் மூன்று நான்கு வாரம் வைத்தால் கல் இறுகும். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் உட்காருவதால் இடையில் பூச்சு அதிகம் வேண்டாம். மூலைத் துளைகளில் கம்பி விட்டுக் கான்கிரீட் ஊற்ற வேண்டும். உலகம் வெளிவிடும் கரிக்காற்றில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலால் வருகிறதாம். அதைக் குறைத்தால் நமக்கும் காசு மிச்சம், உலகத்துக்கும் நல்லது.

எந்த மண்ணும் ஆகாது. ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்துப் பாருங்கள். மணல் முதலில் அடியில் தங்கும். களி கடைசியாக மேலே படியும். களி மிகுந்தால் கல் வெடிக்கும். மேல்மட்டக் கருமண் உதவாது. நம் ஊர் மழைக்கு அடித்தளம் உயர வேண்டும், கூரை நன்றாக வெளியே நீள வேண்டும். வரைபடத்துக்கு நகராண்மையில் அனுமதியும் வாங்கியாக வேண்டும்.

சமையற்கட்டுக்கு மட்டும் மரச் சட்டம். ஆணிக்குப் பதில் போல்ட்டு நட்டு. பின்னால் நீட்ட வேண்டுமானால் கழற்றி நீட்டலாம். அலமாரிக்கு ரப்பர் பலகை. முன்பெல்லாம் பால் வற்றிய மரத்தை வெட்டி எரித்துவிடுவார்கள். வெறும் பலகையாக வைத்தால் பூஞ்சணமும் வண்டும் பிடிக்கும். வெயில் மழைக்கு இன்றும் ஆகாது. போராக்ஸ் மருந்தை உள்ளே ஏற்றினால் வீட்டுக்குள் நன்றாக உழைக்கிறது. பலகையைத் தடவிப் பார்த்து அம்மா சொன்னார்: “பால் கொடுத்து முடிச்சிட்டு இதுவும் வீட்டுக்கு வந்திருச்சா!”

மலாய்த் தச்சர்கள் வீட்டுக்காரம்மாவின் கைவீச்சை வைத்து அளவெடுப்பார்களாம். அதைச் சொன்னதும் மகன் பாட்டியை எழுப்பி நிறுத்தினான். “ரெண்டு கையையும் நீட்டுங்க பாட்டி.” நீட்டினார். லயத்துச் சமையற்கட்டில் அப்படி நீட்டியிருந்தால் இரண்டு சுவரும் இடித்திருக்கும். அந்த அளவுக்கு மேல் ஒரு சாண் கூட்டி, அம்மிக்கு ஒரு மேடையும் போட்டு அவன் குறித்துக்கொண்டான்.

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “கல்லு, பலகை எல்லாம் சரி தம்பி. மண்ணு யாரு பேருல இருக்கு?”

பெட்டியைத் திறந்து கிராண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ரூமி எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. என் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லி, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, “சரி, கட்டுங்க” என்றார்.

கழற்றிப் பூட்டும் வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் அம்மாவின் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். பாக் சிக் வீட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது, அதை இறக்கி வைக்க அவருக்கு மேட்டில் ஒரு துண்டு மண் இருந்தது.